இன்னும் ஒரே ஒரு தொட்டி

எங்கள் வீட்டில் இப்போது ஐந்து மீன் தொட்டிகள் இருக்கின்றன. ஆறாவதை வாங்கலாமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில்தான் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன். வாங்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் தேடித்தான் படிக்க உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைத்தது வேறு.

மீன் வளர்க்கிறவர்கள் நடுவில் இதற்கு ஒரு கேலிப் பெயர் உண்டு. மல்டிப்பிள் டேங்க் சிண்ட்ரோம். முதல் தொட்டியை ஆசைக்கு வாங்குவோம். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தொட்டியும் ஏதாவது ஒரு அவசியத்தோடு வரும், இதுதான் வேடிக்கை. என் மகளுக்கு யாரோ ஒரு ஃபைட்டர் மீனைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார்கள். கிண்ணம் சின்னது, பாவம் என்று இரண்டடி தொட்டி. இடம் காலியாக இருக்கிறதே என்று கப்பி. கப்பி குட்டி போட்டது, பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்றன, அதனால் குட்டிகளுக்கு ஒரு தொட்டி. புதிதாக வாங்கிவந்த மீனிலிருந்து நோய் பரவியது, அதனால் புதுசுகளைப் பத்து நாள் தனியாக வைக்க ஒரு தொட்டி. இப்படியே மூன்று வருடத்தில் ஆறு. எந்தத் தொட்டியைக் காட்டி எப்போது கேட்டாலும் என்னிடம் நியாயமான பதில் இருந்தது. வீட்டில் கேட்பதைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

என் கேள்வி இது. இந்த வியாதி நம் காலத்து நுகர்வு மோகமா, அல்லது வீட்டு மீன் தொட்டி பிறந்தபோதே கூடப் பிறந்ததா?

தொட்டி பிறந்த இடத்துக்கும் காலத்துக்கும் போவோம். கிண்ணத்தில் தங்கமீன் வைத்துக்கொள்வது ரொம்பப் பழைய பழக்கம், சீனாவிலிருந்து வந்தது. ஆனால் செடியும் மீனும் சேர்ந்து, அடிக்கடி தண்ணீர் மாற்றாமலேயே நிற்கும் கண்ணாடித் தொட்டி என்ற யோசனை வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தது 1850களின் இங்கிலாந்தில். அதற்கு முன்பே, 1832 வாக்கில், சிசிலித் தீவின் மெசினாவில் ழான் வில்ப்ரு-பவர் என்ற பெண்மணி ஆர்கோநாட் என்ற சிப்பியுடைய கடலுயிரை ஆராயக் கண்ணாடித் தொட்டிகள் செய்துகொண்டார். அது ஆராய்ச்சி. நான் பேசுவது கூடத்தில் வைக்கும் பைத்தியத்தைப் பற்றி.

அந்தப் பைத்தியத்துக்கு இரண்டு சாதாரணக் காரணங்கள். ஒன்று, 1845ல் பிரிட்டிஷ் அரசு கண்ணாடி மீதிருந்த வரியை நீக்கியது. எடை பார்த்துப் போட்ட வரி என்பதால் தடித்த கண்ணாடி அதுவரை பணக்காரச் சமாச்சாரம். இரண்டு, ரயில். லண்டனில் வேலை பார்க்கும் நடுத்தரக் குடும்பம் கடற்கரைக்குப் போய்வர முடிந்தது, அங்கே பிடித்ததை உயிரோடு கொண்டுவரவும் முடிந்தது.

மூன்றாவதாக ஒரு முன்னோடியும் உண்டு. நதானியேல் வார்ட் என்ற கிழக்கு லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் வருடக்கணக்கில் வாடாமல் நிற்பதை 1829ல் தற்செயலாகக் கண்டார். வார்ட் பெட்டி என்று பெயர். சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை ராபர்ட் ஃபார்ச்சூன் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும், பிறகு நீலகிரிக்கு சின்கோனா வந்ததும் இந்தப் பெட்டிகளில்தான். வெளியுலகத்தை எதிர்பார்க்காமல் ஒரு கண்ணாடிப் பெட்டி தானாகவே வாழும் என்ற நம்பிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் இந்த நம்பிக்கை என்பது என் கட்சி.

1846ல் அன்னா தின் என்ற சீமாட்டி டார்க்கீ கடற்கரையில் கிண்ணம்போல வளரும் பவள உயிர்களைப் பார்த்து மயங்கி, ஒரு ஜாடிக் கடல்நீரில் அவற்றை லண்டனுக்குக் கொண்டுவந்தார். வழியில் ஆட்டத்தில் அடிபடக் கூடாதென்று ஊசி நூலால் பெரிய ஸ்பாஞ்சோடு தைத்துவிட்டார். லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? இருந்த நீரையே உயிரோடு வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுப் பணிப்பெண் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் திறந்த ஜன்னல் முன் நின்று அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம்ம டீக்கடையில் ஆற்றுவார்களே, அதேதான். இன்றைக்கு 300 ரூபாய்க்கு வாங்கும் ஏர் மோட்டாரின் வேலையை அன்று அந்தப் பெண்ணின் இரண்டு கைகள் செய்தன. தின் சீமாட்டி பிறகு கடற்பாசிகளையும் சேர்த்தார், உயிர்கள் வருடக்கணக்கில் பிழைத்தன. தொட்டியின் சமநிலை என்று புத்தகங்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள் ஞாபகம் வருகின்றன.

இந்தச் சமநிலைக்கு விஞ்ஞானக் கணக்குப் போட்டவர் ராபர்ட் வாரிங்டன், லண்டன் அப்போதிக்கரிஸ் ஹாலின் வேதியியலாளர். 1849ல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாவையும் போட்டார். நாடா மாதிரி நீளமாக வளருமே, அந்தச் செடி. மீன் விடும் கரியமில வாயு செடிக்கு, செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு. காகிதத்தில் கணக்கு சரி. பாத்திரத்தில் என்ன ஆனது? செடியின் பழைய இலைகள் அழுகி, தண்ணீர் வழவழவென்று கலங்கியது. உடனே குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன. நீர் தெளிந்தது. 1850ல் இதைக் கட்டுரையாக வேதியியல் சங்கத்தின் முன் வைத்தார்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பேட்ச். ஒரு ஓட்டையை அடைக்க ஒன்றைச் சேர்ப்பது, அது கொண்டுவரும் அடுத்த ஓட்டைக்கு இன்னொன்றைச் சேர்ப்பது. வாரிங்டன் நல்ல விஞ்ஞானி, குறை சொல்லவில்லை. ஆனால் வரலாற்றின் முதல் சமநிலைத் தொட்டியே, இன்னும் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்ற வழியில்தான் ஓடியது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அவர் சேர்த்தது நத்தை. நாம் சேர்ப்பது தொட்டி.

1853 மே மாதம் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் மாளிகை திறந்தது. ஜனங்கள் அலைமோதினார்கள். வீட்டில் இதைச் செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டார். ஃபிலிப் ஹென்றி காஸ் வந்து சேர்ந்தார்.

காஸை எனக்குப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். இயற்கையியலாளர், சொந்தக் கையால் அருமையாகப் படம் வரைபவர், பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்பும் பிளிமத் பிரதரன் சபைக்காரர். உடம்பும் மனசும் நொந்துபோய் 1852ல் டெவன் கடற்கரைக்கு ஓய்வுக்குப் போனார். அலை இறங்கும்போது பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் குட்டைகளில் முகம் வைத்துப் பார்த்தார். கடல் சாமந்தி, இறால், நண்டு, நிறம் நிறமாகக் கடற்பாசி. படைத்தவனின் கைவேலை அப்படியே கலையாமல் கிடப்பதாக அவருக்குத் தோன்றியது. இதை மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் 1853ல் ஒரு புத்தகம், 1854ல் ‘தி அக்வேரியம்’ என்று இன்னொரு புத்தகம். அக்வேரியம் என்ற சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியது இந்தப் புத்தகம்தான். அதுவரை விவேரியம், அக்வா விவேரியம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வரைந்த வண்ணப்படங்களோடு புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. அதே 1854ல் சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் அளவுக்குறிப்பையும் வெளியிட்டார். கடலே பார்க்காத ஊரிலும் இனிமேல் கடல் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வருபவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழிலாளி. பூங்காவின் மீன் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தவர் தொழிலையே மாற்றிக்கொண்டார். ரீஜன்ட் பூங்காவுக்குப் பக்கத்தில், போர்ட்லண்ட் சாலையில் கடை. தொட்டி, செயற்கைக் கடல்நீர், உயிருள்ள கடல் சாமந்தி, நண்டு, பாசி எல்லாம் அங்கே கிடைக்கும். 1858ல் அவர் அச்சிட்ட விலைப்பட்டியல் 128 பக்கம். ஒரு தொட்டிக்கு 128 பக்கம் தேவையில்லை. நாலு பக்கம் போதும். நாங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு செல்போனில் தள்ளித்தள்ளிப் பார்க்கிறோமே, அதற்கு ஒப்பான ஒரு பொருளாக அது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விளைவு இரண்டு இடங்களில் தெரிந்தது. முதலில் வீடுகளில். கடல் தொட்டி நன்னீர்த் தொட்டியைவிடப் பல மடங்கு கொடுமை. ஒரு கடல் சாமந்தி கண்ணில் படாத மூலையில் செத்தால் இரண்டு நாளில் முழுத் தொட்டியும் நாறும். அதிகமாகப் போடாதீர்கள், செத்ததை உடனே எடுத்துவிடுங்கள் என்று கையேடுகள் கெஞ்சின. யார் கேட்டது? 1868ல் ஜே. ஜி. வுட் என்ற பாதிரியார், இதே துறையில் புத்தகம் எழுதியவர், நாடே தொட்டிப் பித்துப் பிடித்துத் திரிந்ததையும், பிறகு பத்துக்கு ஒன்பது தொட்டிகள் கைவிடப்பட்டதையும் எழுதினார். லாயிட் 1862லேயே திவாலாகிவிட்டார்.

இரண்டாவது இடம் பாறைக் குட்டைகள். செத்த ஒவ்வொன்றுக்கும் பதிலாக இன்னொன்று அங்கிருந்துதானே வர வேண்டும்? காஸின் மகன் எட்மண்ட், 1907ல் வந்த ‘ஃபாதர் அண்ட் சன்’ என்ற தன் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பகுதி எழுதியிருக்கிறார். சிறு வயதில் அப்பாவோடு தான் குனிந்து பார்த்த அந்தக் குட்டைகள் இப்போது இல்லை, சேகரிப்பவர்கள் படைபோல வந்து ஒவ்வொரு மூலையையும் சூறையாடிவிட்டார்கள், இதற்குத் தன் புத்தகங்களே காரணம் என்பது அப்பாவுக்குச் சில வருடங்களிலேயே புரிந்துவிட்டது, அது அவரை வதைத்தது என்கிறார். காஸ் யாரையும் குட்டையைக் காலி செய்யச் சொல்லவில்லை. பார்த்ததை நன்றாக எழுதினார், அவ்வளவுதான். படித்த ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குக் கொஞ்சமே கொஞ்சம் எடுத்துப்போனார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு 2019 ஜூன் ஞாபகம் வந்தது. சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் தரை தெரியக் காய்ந்து கிடந்த மாதம். எங்கள் அடுக்கு மாடிக் குடியிருப்பில் போர் வற்றி, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் லாரித் தண்ணீர். என் ஆறு தொட்டிகளும் சேர்ந்து சுமார் 700 லிட்டர். வாரம் கால் பங்கு மாற்ற வேண்டும் என்றால் 175 லிட்டர், பெரிய பக்கெட்டில் பன்னிரண்டு. இரண்டு வாரம் மாற்றாமல் ஓட்டினேன். மூன்றாவது வாரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பால்கனியில் இருந்த டிரம்மிலிருந்து சத்தமில்லாமல் பக்கெட் பக்கெட்டாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த டிரம் முந்தின நாள் மனைவி கீழே வரிசையில் நின்று, நாலு மாடி தூக்கிவந்து நிரப்பியது. லிஃப்டை அந்த வாரம் ரிப்பேர் என்று நிறுத்தியிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்கிறாள். திட்டவில்லை. “ஏங்க, இது எத்தனாவது பக்கெட்?” என்று மட்டும் கேட்டாள். ஒன்பதாவது. அந்த மாதமே மூன்று தொட்டிகளைக் கொடுத்துவிட்டேன். அப்புறம் நல்ல மழை வந்தது, ஏரி நிறைந்தது. மூன்று எப்படித் திரும்பவும் ஐந்தானது என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

சரி, அந்த ஒன்பது தொட்டிகள் ஏன் செத்தன? காஸும் வாரிங்டனும் ஆக்சிஜனைப் பார்த்தார்கள். மீன் தொட்டியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அம்மோனியா, மீனின் கழிவிலும் அழுகும் தீனியிலும் வருவது. தொட்டியின் மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே பத்து மீன் போட்டால் அடுத்த வாரம் இரண்டுதான் இருப்பது இதனால். கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அனுபவித்திருப்பீர்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாவது உயிர்களின் வேலை என்று 1877ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். உடனே அதைக் கையில் எடுத்து, இது ஒரே படியில் நடப்பதில்லை, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு உயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு உயிர் என்று வருடக்கணக்கில் சோதித்துப் பிரித்தவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஒரு வேதியியலாளர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வாரிங்டனின் மகன். அப்பா நத்தை போட்ட பாத்திரத்தை வைத்தபோது பையனுக்கு வயது 11 வாக்கில். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் கடைசிப் படி மகனுக்குக் கைகூடவில்லை, 1890ல் வினோகிராட்ஸ்கி செய்துவிட்டார். அப்பாவின் பாத்திரத்தில் விட்டுப்போன கணக்கை மகன் கோதுமை வயல் மண்ணில் தேடியிருக்கிறார். அப்பா 1867லேயே போய்விட்டார், இது தெரியாமலே.

திவாலான லாயிட் என்ன ஆனார்? இந்தக் கதையில் உருப்படியாக எதையோ கற்றுக்கொண்டவர் அவர்தான் என்பேன். கடை போனபின் பெரிய பொது அக்வேரியங்கள் கட்டித்தரப் போனார். 1864ல் ஹாம்பர்க், 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ். அவர் கட்டியவற்றில் பார்வையாளர் காணும் தொட்டிகளுக்குக் கீழே, வெளிச்சம் புகாத இருட்டில், பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கும். மேலே தொட்டிகளில் உள்ள நீரைவிட அது பல மடங்கு. பம்புகள் இரவும் பகலும் அந்த நீரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். நீரை மாற்றுவதில்லை, அதே நீர்தான் சுற்றும். ஒரு தொட்டியில் ஏதாவது செத்தாலும் அந்த விஷம் அத்தனை நீரில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். நுண்ணுயிர்க் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனால் சின்னக் கண்ணாடிப் பெட்டி தனியாக நிற்காது, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத நிறைய நீர் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. 128 பக்கத்துக்குத் தொட்டி விற்றவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. (பெரிய அக்வேரியம் கட்டும் அலை நம் ஊருக்கும் வந்தது. மெரினா கடற்கரையில் மெட்ராஸ் அருங்காட்சியகம் ஒன்றை 1909ல் திறந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம், வேறொரு நாள்.)

லாயிடைப் படித்ததும் எனக்கு உடனே தோன்றியது என்னவென்று ஊகித்திருப்பீர்கள். மூன்று சின்னத் தொட்டிகளை எடுத்துவிட்டு நாலடியில் ஒரே பெரிய தொட்டி! நீர் அதிகம், ஆபத்து குறைவு, பராமரிப்பும் லேசு. வரலாற்று ஆதாரம் வேறு கையில் இருக்கிறது. போன ஞாயிறு கொளத்தூர் போய் விலையும் விசாரித்துவிட்டு வந்தேன். “ஸ்டாண்டோட சேத்து எடுத்துக்குங்க சார்” என்றார் கடைக்காரர். வீட்டில் ரீஜன்ட் பூங்காவிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் மனைவிக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பணிப்பெண் விஷயத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“நல்ல யோசனைதான். முதல்ல அந்த மூணையும் குடுத்துட்டு வாங்க, அப்புறம் இதைப் பாக்கலாம்.”

ஒன்றுக்கு ஆள் கிடைத்துவிட்டது, இரண்டாவது மாடியில் ஒரு பையன், எட்டாம் வகுப்பு. மற்ற இரண்டிலும் இப்போது குட்டிகள் இருக்கின்றன.